‘நான் மிதவாதி’ என்கிறாரே, நம்பலாமா? தேர்தல்வரை சோராமல் இருப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியின் மாரிஸ் மாவட்டத்தில் குடியிருக்கிறேன். பொங்கல் விழாவானாலும் தமிழ்ப் பள்ளி வாசலானாலும் அமெரிக்க அரசியல் பற்றிய சந்தேகங்கள் என்னைத் தேடி வருகின்றன. 2017, 2018ஆம் ஆண்டுகளில் எங்கள் தொகுதியில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், மறைக்கப் போவதில்லை. பிரதிநிதிகள் சபை உறுப்பினரை நம் வழக்கப்படி ‘எம்.பி.’ என்றே குறிப்பிடுகிறேன். ‘காங்கிரஸ்காரர்’ என்றால் நமக்கு வேறு ஞாபகம் வந்துவிடும்.

மிதவாதி என்றால் யார்? கோகலே காலத்து மிதவாதிகள் மாதிரியா?

இல்லை. நம் பாடப்புத்தகத்து மிதவாதி என்பது வழிமுறையைக் குறிக்கும் சொல்: மனுப் போடுவதா, மறியல் செய்வதா என்பது. இங்கே அது ஒருவர் நிற்கும் இடத்தைக் குறிக்கிறது. ‘கட்சி என்ன சொன்னாலும் என் தொகுதி என்ன நினைக்கிறது என்று பார்த்துத்தான் வாக்களிப்பேன்’ என்பவர் இங்கே மிதவாதி.

இந்தியாவில் இந்த இனம் வளரவே முடியாது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். அமெரிக்காவில் கட்சி முகம் சுளிக்கலாம், குழுப் பொறுப்பைப் பறிக்கலாம். பதவியைப் பறிக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு எம்.பி.யின் தனி வாக்குக்கும் இங்கே மதிப்பு. அந்த வாக்கைக் கேட்டு அவர் அலுவலக வாசலில் நிற்பதற்கும் அர்த்தம் இருக்கிறது.

எங்கள் எம்.பி. பண்பானவர். யாரையும் கடிந்து பேசமாட்டார். அது போதாதா?

எங்கள் தொகுதியில் அப்படித்தான் ஒருவர் இருந்தார். ராட்னி ஃப்ரீலிங்ஹைசன், குடியரசுக் கட்சி. 1995 முதல் எம்.பி. அவர் தந்தையும் எம்.பி.யாக இருந்தவர், குடும்பத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செனட்டர் உண்டு. மெல்லப் பேசுவார். 2016இல் சுமார் 58 சதவீத வாக்குடன் வென்றார். அவரை யாரும் தீவிரவாதி என்று சொன்னதில்லை.

2017 மார்ச்சில், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரை ரத்து செய்யும் மசோதா வந்தபோது, இந்த வடிவத்தில் ஏற்க முடியாது என்றார். வாக்கு போதாமல் மார்ச் 24 அன்று தலைமை மசோதாவைத் திரும்பப் பெற்றது. ஊரே நிம்மதி அடைந்தது. பிறகு நியூ ஜெர்சியைச் சேர்ந்த இன்னொரு எம்.பி., டாம் மெக்கார்தர், ஒரு திருத்தம் கொண்டுவந்து அதற்கு உயிர் கொடுத்தார். இவர் ‘டியூஸ்டே குரூப்’ என்ற மிதவாதிகள் அணியின் இணைத்தலைவர் என்பதுதான் வேடிக்கை. காப்பீடு இடையில் அறுந்துபோன நோயாளிகளிடம் கூடுதல் பிரீமியம் வசூலிக்க மாநிலங்களுக்கு அந்தத் திருத்தம் வழிவிட்டது. மே 4 அன்று மசோதா 217–213 என்ற கணக்கில் நிறைவேறியது. ஃப்ரீலிங்ஹைசன் ஆதரித்தார், மெக்கார்தரும் ஆதரித்தார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த இருவர் மட்டும் மாற்றி வாக்களித்திருந்தால் 215–215. சமமானால் மசோதா தோற்றுவிடும். எத்தனை பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்ற நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடுகூட அன்று கையில் இல்லை. இருபது நாள் கழித்து வந்தது: 2026க்குள் 2 கோடியே 30 லட்சம் பேர்.

ஒரே ஒரு வாக்கை வைத்து ஒருவரை எடைபோடுவது நியாயமா?

எந்த வாக்கு என்பதைப் பொறுத்தது. கட்சித் தலைமைக்கு வாக்குகள் மிச்சம் இருக்கும்போது, ஆபத்தான தொகுதிக்காரர்களை ‘நீ எதிர்த்துக்கொள்’ என்று விட்டுவிடுவார்கள். அந்த மே 4 வாக்கெடுப்பிலேயே 20 குடியரசுக் கட்சியினர் எதிர்த்தார்கள். மசோதா நிறைவேறத்தான் செய்தது. ஆகவே ‘80 முறை கட்சியை எதிர்த்தேன்’ என்று துண்டறிக்கை வந்தால் ஒரு கேள்வி போதும்: அதில் எத்தனை முறை இவர் வாக்கால் முடிவு மாறியது?

மாறிய வாக்குகளும் உண்டு. 2017 ஜூலை 28 நள்ளிரவு தாண்டி செனட்டில் குடியரசுக் கட்சியினரான சூசன் காலின்ஸ், லிசா மர்கோவ்ஸ்கி, ஜான் மெக்கெய்ன் மூவரும் எதிர்த்ததால் ரத்து முயற்சி 49–51இல் வீழ்ந்தது. மூவரில் ஒருவர் நழுவியிருந்தாலும் சமம். துணை அதிபரின் வாக்கால் நிறைவேறியிருக்கும். அதுதான் விலை கொடுத்துச் செய்த வாக்கு. ஆனால் அதே காலின்ஸ் அதே டிசம்பரில் வரிச் சட்டத்துக்கு ஆதரவளித்தார். காப்பீடு எடுக்காதவர்களுக்கு ஒபாமாகேர் விதித்த அபராதத்தை அந்தச் சட்டம் பூஜ்யம் ஆக்கியது. பதிலுக்குக் காப்பீட்டுச் சந்தையைத் தாங்கிப்பிடிக்க இரண்டு மசோதாக்கள் வரும் என்று தலைமை அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. இரண்டும் நிறைவேறவில்லை.

எனக்கு மறக்காத எண் இன்னொன்று: 216. சிறுவயதில் அழைத்துவரப்பட்டு ஆவணமின்றி வளர்ந்த இளைஞர்களுக்காக மசோதாக்களை அவைக்குக் கொண்டுவர, 2018இல் சில மிதவாதக் குடியரசுக் கட்சியினர் கையெழுத்து திரட்டினார்கள். தேவை 218. இரண்டு கையெழுத்து குறைந்து முயற்சி நின்றுபோனது. மிதவாதிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் இருவருக்கு மேல் கையெழுத்திடாமல் மிச்சம் இருந்தார்கள்.

முதலில் எதிர்க்கிறார், பிறகு ஆதரிக்கிறார். பொய்யா, பயமா?

பெரும்பாலும் பயம். நவம்பர் தேர்தலைவிட பிரைமரியைப் பற்றிய பயம். கட்சி வேட்பாளர் யார் என்பதைத் தீர்மானிக்கும் அந்தத் தேர்தலில் கொஞ்சம் பேர்தான் வாக்களிப்பார்கள், அதிலும் சூடானவர்கள்தான் அதிகம் வருவார்கள். 2014 ஜூனில், பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக (சபாநாயகருக்கு அடுத்த இடம்) இருந்த எரிக் கேண்டரே வர்ஜீனியாவில் பிரைமரியில் தோற்றார். அன்றிலிருந்து யாருக்கும் தூக்கம் சரியில்லை.

நெவாடா செனட்டர் டீன் ஹெல்லர் 2017 ஜூனில் மாநில ஆளுநரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மசோதாவை எதிர்த்தார். ஜூலையில் வெள்ளை மாளிகை விருந்தில் டிரம்புக்கு அடுத்த நாற்காலி. ‘இவர் செனட்டராகத் தொடர விரும்புகிறார், இல்லையா?’ என்று கேமராக்கள் முன்னால் டிரம்ப் கேட்டார். ஹெல்லர் சிரித்தார். மாத இறுதியில் ரத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். 2018 நவம்பரில் தோற்றார். மதில்மேல் பூனைக்கு இரண்டு பக்கமும் நாய் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

மர்கோவ்ஸ்கி எப்படித் துணிந்தார் என்று கேட்பீர்கள். 2010இல் அவர் பிரைமரியில் தோற்றவர். வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல், வாக்காளர்கள் கையால் எழுதிப்போட்டு வென்றவர். கெட்ட கனவு ஏற்கெனவே பலித்துவிட்டவரை எதைச் சொல்லி மிரட்டுவது?

டெமாக்ரட் மிதவாதிகள் மட்டும் யோக்கியமா?

இல்லவே இல்லை. நியூயார்க் மாநில செனட்டில் எட்டு டெமாக்ரட்டுகள் தனி அணி வைத்து ஆண்டுக்கணக்கில் குடியரசுக் கட்சியுடன் கைகோத்திருந்தார்கள். ‘இரு தரப்போடும் பேசி வேலை முடிக்கிறோம்’ என்பது அவர்கள் பேச்சு. தாம் வாக்களித்த டெமாக்ரட்டே குடியரசுக் கட்சியைத் தாங்கிப்பிடிக்கிறார் என்பது பல வாக்காளர்களுக்குத் தெரியவே தெரியாது. 2018 செப்டம்பர் பிரைமரியில் அந்த எட்டில் ஆறு பேர் தோற்றார்கள். முந்தைய பதிலில் சொன்ன பிரைமரி இரு பக்கமும் வெட்டும் கத்தி.

டெமாக்ரட் செனட்டர்களாக இருந்த ஜோ மான்ச்சினையும் கிர்ஸ்டன் சினிமாவையும் பற்றித் தனிப்பக்கமே எழுதலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2021இல் போராட்டக்காரர்கள் சினிமாவைக் கழிப்பறைக்குள்வரை கேமராவோடு துரத்தினார்கள். மறுநாள் எல்லோரும் கழிப்பறையைப் பற்றிப் பேசினார்கள், மசோதாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தத் தவறு நம் பக்கத்துத் தவறு.

எம்.பி. கூட்டமே நடத்துவதில்லை. எங்கே போய்க் கேட்பது?

அவர் வராவிட்டால் நாம் போகலாம். 2016 தேர்தலுக்குப் பின் ஃபேஸ்புக்கில் தொடங்கிய ஒரு தொகுதிக் குழு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாரிஸ்டவுனில் உள்ள ஃப்ரீலிங்ஹைசன் அலுவலகத்துக்குப் போகத் தொடங்கியது. அவர் நேரில் கூட்டம் நடத்தாமல் தொலைபேசிக் கூட்டம் நடத்தினார். எந்தக் கேள்வியை எடுப்பது என்பது அவர்கள் கையில். கையுறைக்குள் விரல் விறைத்த ஒரு பிப்ரவரி வெள்ளியன்று நானும் போய் நின்றேன். கோஷம் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றினார். மூன்று மூன்று பேராக உள்ளே போய், தங்கள் வீட்டு மருத்துவக் கதையைச் சொல்லிவிட்டு வந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர் தன் மருந்துச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

2017 மே மாதம் ஒரு செய்தி வெளியானது. ஒரு வங்கியின் இயக்குநருக்கு அனுப்பிய நன்கொடைக் கடிதத்தின் அடியில், எதிர்ப்பாளர்களின் முன்னணிக்காரர் ஒருவர் உங்கள் வங்கியில் வேலை பார்க்கிறார் என்று எம்.பி. தன் கையால் எழுதியிருந்தார். பண்பு போதாதா என்று மேலே கேட்டவருக்கு இதுவும் பதில். அந்த வெள்ளிக்கிழமைகள் உறைத்திருக்கின்றன என்பதற்கும் இது சாட்சி.

மெக்கார்தரை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். வாக்களித்த ஆறாம் நாள் வில்லிங்பரோ ஊரில் கூட்டம் வைத்து, கிட்டத்தட்ட ஐந்து மணிநேரம் திட்டு வாங்கினார். ஓடவில்லை.

போன் செய்தால் யாரோ இருபது வயதுப் பையன்தான் எடுக்கிறான். பிரயோஜனம் உண்டா?

உண்டு. அந்தப் பையன் மூன்றைத்தான் குறிக்கிறான்: உங்கள் ஊர், எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா. ஆகவே மூன்றையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். ‘என் பெயர் இன்னது, பார்சிப்பனி, ஜிப் கோடு 07054, இந்த மசோதாவை எம்.பி. எதிர்க்க வேண்டும்.’ முப்பது வினாடி. வேறு தொகுதி எம்.பி.க்குப் போன் செய்வது வீண். ஜிப் கோடு கேட்டதும் உங்கள் குரல் கணக்கில் வராது. நம் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். அவனுக்கு வேண்டியது எண்.

எனக்குக் கிரீன் கார்டுதான். என் கணவருக்கு எச்1பி. எங்களுக்கு இதில் என்ன வேலை?

வாக்களிப்பதைத் தவிர நிறைய. போன் செய்யலாம், கூட்டத்துக்குப் போகலாம், சம்பளம் வாங்காமல் பிரசாரத்தில் உதவலாம். இவை இருவருக்கும் பொருந்தும். கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். எச்1பி விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. இருவருமே வாக்காளராகப் பதிவு செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் நீட்டும் படிவத்தில் தெரியாமல் டிக் போட்டுவிட்டாலும் பின்னாளில் குடியுரிமையில் வில்லங்கம் வரும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதோடு இன்னொன்று: வரிவிலக்குப் பெற்ற தமிழ்ச் சங்கமோ கோயிலோ எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. கட்சி பேசாமல் வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம்.

முதல் மாதம் இருநூறு பேர் வந்தார்கள், இப்போது பத்து பேர். எப்படித் தாக்குப்பிடிப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 2017 ஜனவரி 21 பெண்கள் பேரணிக்கும் 2018 நவம்பர் 6 தேர்தலுக்கும் இடையே கிட்டத்தட்ட 22 மாதங்கள். கோபம் 22 மாதம் எரியாது. எரிந்தால் நீங்கள்தான் சாம்பல்.

நின்று பிடித்த குழுக்களில் நான் பார்த்தது இதுதான்: வேலை சிறியதாகவும் கிழமை மாறாததாகவும் இருந்தது. வெள்ளி என்றால் வெள்ளி. நாடாளுமன்ற ஊழியர்களாக இருந்த சிலர் 2016 டிசம்பரில் ‘இன்டிவிசிபிள்’ என்ற கையேட்டை இணையத்தில் வெளியிட்டார்கள். அதன் சாரமும் இதுவே: நாடு முழுவதையும் திருத்தப் புறப்படாதே, உன் ஒரு எம்.பி.யை மட்டும் பிடித்துக்கொள். 2009இல் ‘டீ பார்ட்டி’ வலதுசாரிகள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்று அதை எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். எதிரியிடம் படிப்பதில் வெட்கமில்லை.

பத்துப் பேர் என்று வருந்தாதீர்கள். அந்தப் பத்துப் பேரும் வாட்ஸாப்பில் செய்தி பகிர்வதை வேலை என்று நினைத்தால் மட்டும் வருந்துங்கள். காலையில் எழுந்ததும் அதிபர் என்ன சொன்னார் என்று பார்ப்பவர் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடுவார். வாரம் ஐந்து அஞ்சலட்டை எழுதுபவர் ஓயமாட்டார். முறைபோட்டு விடுப்பு எடுங்கள். எங்கள் தெருவில் ஒரு குழு ஜூலை முழுவதும் கூடுவதில்லை என்று முடிவு செய்தது. ஆகஸ்டில் எல்லோரும் திரும்பி வந்தார்கள், இரண்டு பேர் கூடுதலாக. இடையில் பள்ளி வாரியம், நகர சபை என்று ஏதாவது சிறு தேர்தல் வரும். அதில் கை வையுங்கள். வெற்றியின் ருசி இல்லாமல் யாரும் இரண்டு வருடம் உழைக்கமாட்டார்கள்.

ஒரு வாக்கில் என்ன ஆகிவிடும்?

2017 நவம்பரில் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் 94ஆம் தொகுதி. மறு எண்ணிக்கையில் டெமாக்ரட் வேட்பாளர் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரு வாக்கில் வென்றார். மறுநாள் நீதிமன்றம் ஒரு சர்ச்சைக்குரிய சீட்டை எதிரணிக்குச் சேர்த்தது. ஆளுக்கு 11,608. சட்டப்படி குலுக்கல். 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயர்களையும் பழைய பிலிம் ரோல் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள். டேவிட் யான்சி என்று வந்தது. குடியரசுக் கட்சி 51–49 என்ற கணக்கில் அவையைத் தக்கவைத்தது. அன்று வீட்டில் சோம்பி இருந்த ஒரு ஆதரவாளரை நினைத்துப்பாருங்கள். 2019இல் சைமண்ட்ஸ் மீண்டும் நின்று அந்தத் தொகுதியை வென்றார்.

லியனார்ட் லான்ஸ் மசோதாவை எதிர்த்துத்தானே வாக்களித்தார்? அவரையும் தோற்கடித்தது நன்றிகெட்ட வேலை இல்லையா?

கடினமான கேள்வி. பக்கத்துத் தொகுதி எம்.பி. லான்ஸ் மே 4 அன்று எதிர்த்தவர். 2018இல் டாம் மாலினோவ்ஸ்கியிடம் தோற்றார். மசோதாவை ஆராய்ந்த சபைக் குழுவில் அவர் ஆதரித்து, அவையில் எதிர்த்தார் என்பது ஒரு பக்கம். பெரிய காரணம் வேறு: ஒவ்வொரு எம்.பி.யும் போடும் முதல் வாக்கு சபாநாயகருக்கு. எந்த மசோதா அவைக்கு வரும், விசாரணைக் குழுக்களுக்கு யார் தலைவர் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கிலேயே முடிந்துவிடுகிறது. மிதவாதி வருடம் முழுவதும் தனித்து நின்றாலும் அந்த நாளில் கட்சியோடு நிற்கிறார்.

ஆனாலும் எனக்கு உறுத்தல் உண்டு. எதிர்த்தவனையும் ஆதரித்தவனையும் ஒரே தராசில் போட்டால், அடுத்தவன் ஏன் எதிர்க்க வேண்டும்? அந்த ஆண்டு நியூ ஜெர்சியின் 12 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு ஒன்றுதான் மிஞ்சியது. மிஞ்சிய கிறிஸ் ஸ்மித்தும் மே 4 அன்று எதிர்த்தவர்தான்.

இவ்வளவு செய்தும் தோற்றால்?

தோற்பீர்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதி கேவனாவுக்குக் காலின்ஸ் வாக்களித்தபோது, அவரை எதிர்த்து நிற்கப்போகும் வேட்பாளர் யாரென்றே தெரியாத நிலையில் 30 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2020இல் மெய்ன் மாநிலம் அதிபர் தேர்தலில் பைடனைத் தேர்ந்தெடுத்தது. அதே வாக்குச்சீட்டில் காலின்ஸை எட்டுப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வெல்ல வைத்தது. வெளியூர்ப் பணம் உள்ளூர்க் கதவைத் தட்டாது என்பதுதான் நான் படித்த பாடம்.

எங்கள் தொகுதியில் 2018 ஜனவரியில் ஃப்ரீலிங்ஹைசன் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். கடற்படை ஹெலிகாப்டர் விமானியாக இருந்த மிக்கி ஷெரில் நவம்பரில் வென்றார். மெக்கார்தர் சுமார் 4,000 வாக்கில் ஆண்டி கிம்மிடம் தோற்றார்.

நம்மவர் ஜெயித்துவிட்டார். இனி ஓய்வெடுக்கலாமா?

ஜெஃப் வான் ட்ரூ என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? 2018இல் தெற்கு நியூ ஜெர்சியில் மிதவாத டெமாக்ரட்டாக வென்றார். கதவு தட்டியவர்கள் பூரித்துப்போனார்கள். 2019 டிசம்பரில் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்துவிட்டு, நேராகக் குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டார். முதல் பதிலில் சொன்ன தடைச் சட்டம் இங்கே இல்லை, பதவியும் போகவில்லை. 2020இல் மீண்டும் வென்றார். லான்ஸை வென்ற மாலினோவ்ஸ்கியும் 2022இல் தோற்றார். ஆகவே வென்ற எம்.பி.க்கும் வெள்ளிக்கிழமை போன் போடுங்கள். நன்றி சொல்லவாவது.

சரி, இன்று இரவே ஒன்று செய்ய வேண்டும் என்றால்?

குடியுரிமை பெற்றவர் என்றால், மாநிலத் தேர்தல் தளத்தில் உங்கள் வாக்காளர் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வீடு மாறியவர்களுக்கு இது கட்டாயம். நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பாகப் பதிவு முடிந்துவிடும். ஜூன் பிரைமரியில் வாக்களிக்க, எந்தக் கட்சியிலும் பதியாதவர் அன்றே வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் மாற விரும்பினால் 55 நாள் முன்பே மாற்றியிருக்க வேண்டும். போன முறை எங்கள் வீட்டில் ஒருவர் 53ஆம் நாள் நினைவுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். காலண்டரில் குறித்துவிட்டுப் படுங்கள்.